லைலுக்கு இன்னொரு வருஷம்

“ஒரே ஒரு தடவதான் வாயைத் தொறந்தான். எதிர்ல நின்ன பதினோரு ராட்சசனும் அப்படியே செலயா நின்னுட்டானுங்க! இவன் பாட்டுக்கு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவனாட்டம் பொடிநடையா நடந்து போயி எல்லைக் கோட்டைத் தாண்டினான். போற வழியில ஒருத்தனுக்கு ஷூ லேசு அவுந்து கெடந்துச்சு. ‘கட்டிக்கப்பா, தடுக்கிரும்’னு சொல்லிட்டு வேற போனான். சத்தியமா!”

கஸ் ஷிமன்ஸ்கி இதைச் சொன்னபோது காலை எட்டரை மணி. அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஃபெர்ரிமென் அணியின் கூரை போட்ட பயிற்சி மைதானம். வெளியே டொலிடோவின் மார்ச் மாதக் காற்று ஆட்களின் மீசையைப் பிடுங்கிக்கொண்டு கனடாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, அன்றைக்குப் பந்து பிடிப்பதற்காக வரவழைக்கப்பட்டிருந்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம்பிச் சிரிக்கவில்லை. டொலிடோவில் கஸ் சொல்லும் தூரத்தைப் பாதியாக்கியும் எடையைக் கால்வாசியாக்கியும் கேட்டுக்கொள்வது ஊர் வழக்கம். அவர் பிடித்த மீன்களை வரிசையாகப் படுக்கவைத்தால் ஆற்றில் தண்ணீருக்கு இடமிருக்காது. அவர் திருமணத்தன்று பெய்த மழையில் நனைந்த ஒரு மாமா இன்னும் காயவில்லை. எழுபத்தொரு வயது, இருபத்துநான்கு வருஷமாக இந்த அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சியாளர், இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. போகிற மனிதர் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சிரிக்காதவன் ஒருவன்தான் இருந்தான். கதையின் நாயகனே அவன்தான். மைதானத்தின் நடுவில் இடுப்பை வளைத்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த லைல் ஹென்ட்ரிக்ஸ் தலையைத் திருப்பாமலே சொன்னான்.

“வழுக்கிட்டானுங்க கோச். தரை ஐஸு. எத்தனை வருஷம் சொல்றது?”

“பாத்தீங்களா? இவன் ஒருத்தன்தான் நம்பமாட்டான்,” என்றார் கஸ், அந்த இருவரிடமும். “பூமி உருண்டைன்னாலும் இவன் போயி ஓரத்தைத் தடவிப் பாத்துட்டுத்தான் வருவான்.”

லைலுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக ஃபெர்ரிமென் அணியின் இரண்டாவது குவார்ட்டர்பேக். முதலாமவன் பிரெண்ட் ஹாலோவே; இரும்பை உருக்கி வார்த்த உடம்பு என்று ஊர் சொல்லும். முதலாமவன் விழுந்தால்தான் இரண்டாமவனுக்கு மைதானம். பிரெண்ட் விழுவதே இல்லை. ஆகவே லைல் பதினோரு வருஷமும் கோட்டுக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு நின்றான். அதற்காக வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிரே வரப்போகும் அணியின் குவார்ட்டர்பேக்காக அவன் மாறியாக வேண்டும். அந்த ஆள் எப்படி நிற்கிறான், எந்தப் பக்கம் பார்த்து எந்தப் பக்கம் எறிகிறான், ஆட்டம் தொடங்கும்போது எந்தத் தாளத்தில் எண்களைக் கத்துகிறான், எல்லாவற்றையும் படத்தில் பார்த்துப் பழகி, பயிற்சியில் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிரே அவனாகவே நிற்க வேண்டும். மற்ற அணிகளில் இதைக் கடனே என்று செய்வார்கள். லைல் செய்தால் அந்த ஆளைப் பெற்ற தாயே தடுமாறிப்போவாள். திங்கட்கிழமை படம் பார்க்க உட்காருவான், புதன்கிழமை அவன் நடையே மாறிவிடும். சாப்பாட்டு மேஜையில் தட்டை வைக்கும்போது அவன் மனைவி டாரா, “இந்த வாரம் யாரோட சாப்பிடறேன்?” என்று கேட்பாள். மூத்த மகள், அப்பா டெக்ஸஸ் அணிக்காரனாக இருக்கும் வாரங்களை விரும்புவாள்; அந்த ஆள் சிரிக்கிறவன்.

கஸ்ஸின் கதை ஒமாஹா வாரத்தைச் சேர்ந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. ஒமாஹா அணியின் குவார்ட்டர்பேக் ராண்டி டூப்ரே லூசியானாக்காரன். மரநாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுப்பது மாதிரி மூக்கால் கத்துவான். வாரம் முழுக்க லைல் ராண்டியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஊரை ஒட்டிய பெரிய ஏரியிலிருந்து பனி சுவர் சுவராக வந்து விழுந்தது. தன் கையை நீட்டினால் விரல்களை அடுத்தவரிடம் கேட்டுத்தான் எண்ண வேண்டும். கடைசி நிமிஷத்தில் பிரெண்டுக்குத் தலையில் அடிபட்டு, நடுவர் அவனை ஒரு சுற்றுக்கு வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். லைல் தொப்பியைக் கழற்றிக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினான். மூன்று வருஷம் காத்திருந்து வந்த முதல் அழைப்பு. குனிந்து நின்று, எண்களைக் கத்தினான். பத்தடி தள்ளி நின்ற கஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வெளியே வந்தது ராண்டி டூப்ரேயின் குரல்.

பழக்கதோஷம். வேறொன்றுமில்லை. ஆனால் பயிற்சியில் எந்த அணியிலும் குவார்ட்டர்பேக் சிவப்புச் சட்டை போட்டிருப்பான். அவனை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு வேகத்தில் பாய்ந்து வந்தாலும் கடைசி அடியில் கையைத் தூக்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். ஒமாஹாவின் தடுப்பாட்டக்காரர்கள் ஆறு வருஷமாக அந்த மூக்குக் குரலைக் கேட்டுக் கேட்டு விலகியவர்கள். சட்டையின் நிறம் தெரியாத பனியில் குரல் மட்டும் கேட்டது. மூளை யோசிப்பதற்கு முன்னால் உடம்பு விலகிவிட்டது. லைல் பதினோரு கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினான், ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் பிரெண்ட் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு லைல் இறங்கவே இல்லை. பதினோரு வருஷத்தில் அவன் ஆடியது மொத்தம் ஏழு வினாடி.

படத்தில் போட்டுப் பார்த்தால் வெள்ளைத் துணியை உலர்த்தியது போலத்தான் தெரியும். விலகினார்கள் என்றும் சொல்லலாம், வழுக்கினார்கள் என்றும் சொல்லலாம். கஸ் விலகினார்கள் என்றார். முதல் வருஷம் இரண்டு பேர் விலகினார்கள், அடுத்த வருஷம் ஐந்து பேர், பிறகு பதினோரு பேர். ஒரு தடவை ஹங்கேரியன் ஹாட் டாக் கடையில் மூன்றாவது பியருக்குப் பிறகு நடுவரும் விலகினார். இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. லைலுடைய ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம் மார்ச்சில் முடியும். ஒவ்வொரு மார்ச்சிலும், “ஆடாதவனை எதுக்கு வெச்சிருக்கணும்?” என்று மேல்மாடியில் நிர்வாகிகள் யாராவது கேட்பார்கள். கஸ் போவார், பனிக்கதையைச் சொல்வார், அறையே சிரிக்கும், சிரிப்போடு சிரிப்பாகக் கையெழுத்து விழும். எட்டு மார்ச்சுகள் இப்படித்தான் போயின.

இந்த மார்ச் வேறு மாதிரி. ஜனவரியில், கடைசி ஆட்டத்தின் கடைசி வினாடியில் பிரெண்டின் முழங்கால் முறிந்துவிட்டது. இரும்பு முறிந்தால் மரத்தைவிட மோசமாகத்தான் முறியும் போலிருக்கிறது. அக்டோபர் பாதிவரை அவனால் ஆட முடியாது. இந்த வருஷம் இரண்டாவது குவார்ட்டர்பேக்காகக் கையெழுத்துப் போடுகிறவன் முதல் ஆறு வாரமும் முதலாமவனாக ஆடியாக வேண்டும். அறுபதாயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்வார்கள். லைல் பதினோரு வருஷமாகக் காத்திருந்தது வாசலில் வந்து நின்றது. அதற்குத்தான் இந்தக் காலைச் சோதனை.

மாடத்தில் நோரா கெல்லர்மன் உட்கார்ந்திருந்தாள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் பொது மேலாளர். நாற்பத்து மூன்று வயது, போன வருஷம்தான் வந்தவள். அவள் ஒரு ஆளைப் பார்த்தால் அவன் எலும்புகள் தாமாக வரிசையில் நின்று எண் சொல்லும். லைல் எறியத் தொடங்கினான். முதல் பத்தும் குறுக்கே, பிறகு பக்கவாட்டில், பிறகு நீளமாக. பந்து சுற்றிச் சுற்றி, முணுமுணுத்துக்கொண்டு போய்ப் பிடிக்கிறவன் கைகளில் முட்டை வைத்தது போல உட்கார்ந்தது. ஐம்பது கெஜம் எறிந்தான். ஐம்பத்தைந்து எறிந்தான். பந்து பிடித்தவர்களில் ஒருவன், “யோவ், இந்த ஆளை ஏன்யா இத்தனை வருஷம் பரண்ல போட்டு வெச்சிருந்தீங்க?” என்று கத்தினான். கஸ் தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி, அதாவது கூரையை நோக்கி, வீசினார். அது விளக்கில் போய் மாட்டிக்கொண்டது. மாடத்தில் நோராகூட எழுந்து நின்று பார்த்தாள்.

அறுபதாவது பந்தோடு முடிந்தது. லைல் கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக நடந்து உடைமாற்றும் அறைக்குள் போனான். ஐந்து நிமிஷம் கழித்துக் கஸ் வாயெல்லாம் பல்லாகப் போய்க் கதவைத் தள்ளியபோது, அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு. வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

“கோச், கதவைச் சாத்துங்க,” என்றான். பிறகு, “இந்தக் கோட்டை மாட்டி விடறீங்களா?”

கஸ் கோட்டை எடுத்தார். இடது கை தானாக நுழைந்தது. வலது கையை அவரே மணிக்கட்டில் பிடித்து, குழந்தைக்குப் போடுவது போல நுழைக்க வேண்டியிருந்தது. தோளுக்கு மேலே துணியை இழுத்தபோது லைல் பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. கஸ்ஸுக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஆனது இது மூன்றாவது தடவைதான். முதல் இரண்டும் சாவு வீடுகள்.

“எப்பலேர்ந்துடா?”

“நவம்பர்.”

“டாக்டர்?”

“படம் எடுத்தாரு. முப்பத்தாறு வயசுத் தோள் எல்லாமே படத்துல இப்படித்தான் இருக்கும்னு எழுதிட்டாரு. வலிக்குதான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன்.”

“டாராவுக்குத் தெரியுமா?”

“தலைமுடி சீவறது இடது கையாலன்னு மட்டும் தெரியும்.” அவன் நிமிர்ந்தான். “ஆறே வாரம் கோச். செப்டம்பருக்கு இன்னும் அஞ்சாறு மாசம் இருக்கு, ஆறிடும். மேல உங்களைக் கேப்பாங்க. நீங்க…” அவன் தரையைப் பார்த்தான். “அந்தப் பனிக்கதையைக்கூட வேணும்னா சொல்லிக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

எட்டு வருஷமாக அந்தக் கதையை யார் சொன்னாலும் மறுக்கிறவன் அவன்.

மதியம் இரண்டு மணிக்குக் கஸ் மேல்மாடிக்குப் போனார். நோரா மேஜைக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும் அவளுக்கு.

“உக்காருங்க கஸ்.”

“நின்னாத்தான் எனக்கு மூளை ஓடும்.”

“இருபத்துநாலு வருஷமா உக்காந்துதானே இருந்தீங்க?”

“அதான் இன்னும் ஒரு கோப்பையும் வரல.”

நோரா சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். “பேப்பர் ரெடி. நாலு மணிக்கு லைலோட ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டா அவர் நம்ம ஆளு. இல்லன்னா ஸ்போகேன்லேர்ந்து ஒருத்தன் இருக்கான், அவன் ஏஜெண்டு காலையிலேர்ந்து அஞ்சு தடவ கூப்பிட்டுட்டான். இருபத்தெட்டு வயசு. அவனை அவன் நாய்க்குக்கூடப் பிடிக்காதாம், ஆனா கை நல்லாருக்கு. எனக்கு லைல்தான் வேணும். பசங்க அவருக்காக உசிரைக் குடுப்பாங்க. காலையில எறிஞ்சதைப் பார்த்தேன், ஒரு கோளாறும் தெரியல. ஆனா நான் மாடத்துல இருந்தேன், நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஆறு வாரம், கஸ். தாங்குவாரா?”

கஸ் வாயைத் திறந்தார்.

“இருங்க. பனிக்கதை வேண்டாம். அதைச் சொன்னா நான் சிரிச்சுடுவேன். சிரிச்சா கையெழுத்துப் போட்டுடுவேன்.”

சொற்கள் ஏற்கெனவே பல்லுக்குப் பின்னால் வந்து முண்டியடித்துக்கொண்டு நின்றன. ஆறு வாரமாவது ஒண்ணாவது, அறுபது வாரம் தாங்குவான், நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்தப்புறமும் அவன் எறிஞ்சிட்டிருப்பான், பந்தெல்லாம் தேஞ்சு எலுமிச்சம்பழ சைஸுக்கு வந்துரும். சொன்னால் போதும். கஸ்ஸுக்குச் செப்டம்பர் மாதம் கண்ணெதிரே தெரிந்தது: ஒலிபெருக்கியில் லைல் ஹென்ட்ரிக்ஸ் என்ற பெயர், டாராவும் இரண்டு பெண்களும் எழுந்து நிற்கிறார்கள், அவன் சுரங்கப்பாதை வாசலிலிருந்து மைதானத்துக்குள் ஓடி வருகிறான். முதல் ஞாயிறு ஊசி போட்டுக்கொண்டு ஆடிவிடுவான். இரண்டாவது ஞாயிறும். மூன்றாவது ஞாயிறு முந்நூறு பவுண்டு ஆள் ஒருவன் அந்தத் தோளின் மேல் விழுவான். விலகமாட்டான். அவன் ஏன் விலக வேண்டும்? அதற்கப்புறம் காலம் முழுக்கக் கோட்டு மாட்டிவிட ஆள் வேண்டும். லைலையே கேட்டால், கை போனால் போகட்டும், பெயரைச் சொல்லட்டும் என்பான். அது தெரிந்ததால்தான் கஸ் அவனைக் கேட்காமல் வந்தார். கேட்காமல் வந்தது சரியா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவன் தோள், அவன் ஆறு வாரம். இவர் யார் நடுவில்? எட்டு மார்ச்சுகள் அவனை இங்கே பிடித்து வைத்தவர். வேறெங்காவது போயிருந்தால் நல்ல தோளோடு எப்போதோ ஆடியிருப்பானோ என்று இதுவரை ஒரு நாளும் யோசிக்காதவர்.

“தாங்கமாட்டான்,” என்றார் கஸ்.

ஆரஞ்சுத் தோல் அறுந்தது.

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. தோள் போயிடுச்சு. காலையில கோட்டு மாட்டறதுக்கு என்னைக் கூப்பிட்டான்.”

நோரா பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க பேசி, இவ்வளவு சின்னதா ஒரு வாக்கியம் நான் கேட்டதே இல்ல.”

“எனக்கே புதுசுதான்.”

“சொல்லாம இருந்திருந்தா நான் போட்டிருப்பேன்.”

“தெரியும்மா.”

அவள் தாளை இழுத்து, கவிழ்த்து வைத்தாள். “உங்க நாற்காலி மாசக் கடைசியில காலியாகுது. அவருக்கு இஷ்டமான்னு கேட்டுப் பாருங்க. நானே போன் பண்றேன், இல்லன்னா.”

“வேண்டாம். நானே போறேன். போன்ல சொல்ற விஷயமில்ல.”

லைல் வீட்டில் இல்லை. மார்ச் மாதத்தில் டொலிடோ ஆண்பிள்ளை எவனும் வீட்டில் இருப்பதில்லை. வால்-ஐ எனப்படும் மீன்கள் ஏரியிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் காலம். மௌமி ஆற்றின் ஆழமில்லாத இடங்களில் மார்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் உரச, நூறு நூற்றைம்பது பேர் வரிசையாகத் தண்ணீரில் நிற்பார்கள். ஊரே பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்பது போலிருக்கும். மருத்துவர், வக்கீல், கொத்தனார் என்று பேதமில்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்தால் போச்சு, அடுத்தவன் பிடித்துக்கொள்வான். கஸ் கரையோரப் புதரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அலுவலக ஷூ; சேறு முதல் அடியிலேயே இடது ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வரிசையில் லைலைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அத்தனை பேரில் அவன் ஒருவன்தான் இடது கையால் தூண்டில் வீசிக்கொண்டிருந்தான். வீச்சு நேராகப் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் தொப்பியைக் குனிந்து காப்பாற்றிக்கொண்டார்.

யாரோ, “லைல், உன் கோச்சு வந்திருக்காரு, ஒத்தச் செருப்போட!” என்று கத்தினார்கள். லைல் திரும்பினான். தான் கரையில் நின்ற விதத்திலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று கஸ்ஸுக்குத் தெரிந்தது. நல்ல செய்தி கொண்டுவருகிற கஸ் தண்ணீரில் நடந்தே வந்திருப்பார். லைல் நூலைச் சுற்றினான். அவசரமில்லாமல் சுற்றினான். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தான்.

“நோரா வேண்டாம்னுட்டாங்களா?”

“இல்ல. அவங்க வேணும்னாங்க.” கஸ் அவன் கண்ணைப் பார்த்தார். “நான் வேண்டாம்னேன்.”

ஆற்றில் யாருக்கோ மீன் மாட்டி, நாலைந்து பேர் கூச்சல் போட்டார்கள். லைல் அந்தப் பக்கம் பார்த்தான். மீன் கரையேறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“தோளைப் பத்திச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“ஆறு ஞாயித்துக்கிழமை, கோச்.”

“மூணாவது ஞாயித்துக்கிழமை உனக்குக் கையே இருக்காதுடா.”

“ரெண்டு இருந்திருக்கும்ல?” குரலை உயர்த்தவில்லை அவன். “ரெண்டு ஞாயித்துக்கிழமை. வாயைத் தொறந்தா பொய்யி உங்களுக்கு. செத்த மீன் பேசுச்சும்பீங்க. ஊர்ல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் பொய் சொன்னீங்க, பதினோரு வருஷமா. இன்னிக்கு ஒரு நாள் சொல்லக் கூடாதா?”

கஸ்ஸின் காலுறையில் சேற்றுத் தண்ணீர் ஊறி ஏறியது. கைக்கடிகாரத்தில் நாலு மணி ஆகிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஸ்போகேன்காரன் இந்நேரம் விமானத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பான்.

“என் நாற்காலி காலியாகுது,” என்றார் கடைசியில். “உனக்கு இஷ்டமான்னு நோரா கேக்கச் சொன்னாங்க.”

லைல் தூண்டிலை இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு, முள்ளில் சிக்கியிருந்த பாசியை இடது கைவிரலால் எடுத்தான். ரொம்ப நேரம் எடுத்தான். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னிக்கு அவனுங்க வழுக்கல, கோச்.”

கஸ் சேற்றிலிருந்து காலை உருவி ஓரடி கிட்டே வந்தார்.

“பதினோரு பேரெல்லாம் இல்ல. ரெண்டு பேருதான். ரெண்டு பேரும் என் மேல விழற தூரத்துல இருந்தானுங்க. என் வாயிலேர்ந்து மொத எழுத்து வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது ராண்டின்னு. மாத்தியிருக்கலாம், நேரம் இருந்துச்சு. ஆனா என் குரல் எப்படி இருக்கும்னே ஞாபகம் வரல கோச். தேடிப் பாத்தேன். வரல. பயந்துட்டேன். சரின்னு அவன் குரல்லயே கத்திட்டேன்.”

“ஏன்டா இத்தன வருஷமா…”

“ஏழு வினாடி கோச். எனக்குன்னு இருக்கறது அவ்வளவுதான். அதுவும் நானில்ல, ராண்டிதான்னு எப்படி ஒத்துக்கறது? வழுக்கிட்டானுங்கன்னா, ஓடினதாவது நானா இருப்பேன்ல.”

வரிசையிலிருந்து ஒரு குரல், “லைல்! உன் எடத்துல எம் மச்சான் நிக்கப் பாக்கறான்யா, வரியா இல்லியா?” என்று கூப்பிட்டது. லைல் இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. மழைக்காலத்துச் சேற்று நிறத்தில் ஆறு அவனைச் சுற்றிப் பிரிந்து, பின்னால் சேர்ந்துகொண்டது. அவன் பாதி வழியில் நின்றான். திரும்பவில்லை, தோளுக்கு மேலாகத்தான் சொன்னான். காற்று ஆற்றிலிருந்து கரைக்கு வீசியதால் கஸ்ஸுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“உங்களுக்கே தெரியாத ஒண்ணு இருக்கு கோச். அந்த ரெண்டு பேர்ல பெரியவன், தொண்ணூத்து மூணாம் நம்பரு, கையைத் தூக்கிட்டு வெலகினான்ல? வெலகறப்போ என் மேல லேசா இடிச்சுட்டான்.”

இரண்டு பக்கமும் நின்றவர்கள் அரையடி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

“‘சாரி, ராண்டி’ன்னான்.”